படபடப்பு அடங்குவதற்குள் ஈசிஜி எடுங்கள்

சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கும் ஓய்வுபெற்ற செவிலி நான். ஆறு வருடமாக எனக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கிறது. இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும் கோளாறு இது. தெரிந்ததைச் சொல்கிறேன், மருந்தை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறேன். படபடப்பு வந்து சேலத்துக்கு இறங்கினால், அதற்குள் அடங்கிவிடுகிறது. ஈசிஜி நன்றாக இருக்கிறது, மனக்கவலைதான் என்கிறார்கள்.

பதில்: இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கும்வரை அது காத்திருக்குமா அம்மா? எனக்கும் 'வயதுக்கோளாறு' என்று ஒரு டாக்டர் சொன்னார். செவிலி என்று தெரிந்தும்! துடிக்கும்போதே மலையிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போய் ஈசிஜி எடுத்து, அந்தத் தாளைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து முழுதாக ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். தறிச் சத்தம் போலச் சீராக இருக்க வேண்டும். தாறுமாறாக ஓடினால் தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது என்று காலண்டர் தாளின் பின்னால் குறித்துவையுங்கள். 24 மணி நேரம் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியைப் பெயர் சொல்லியே கேளுங்கள். வேண்டாம் என்றால் காரணத்தைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது, பிரஷர், சர்க்கரை இரண்டும் உண்டு. இந்த நோய் என்று சொல்லி ஆஸ்பிரின் மட்டும் கொடுத்திருக்கிறார்கள். போதுமா?

பதில்: போதாது. மேலறையில் தேங்கும் ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போகலாம். பக்கவாத அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு. அந்த அபாயத்தை டாக்டர்கள் புள்ளி போட்டு அளப்பார்கள்; வயதுக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று என்று அப்பாவுக்கு மூன்று புள்ளி. ஆண்களுக்கு இரண்டு வந்தாலே ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைப் பற்றிப் பேசியாக வேண்டும். "ஏன் அதைத் தரவில்லை?" என்று நேராகக் கேளுங்கள். குடல்புண், ரத்தக்கசிவு என்று காரணம் இருக்கலாம். அது உங்களுக்குத் தெரிய வேண்டும். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வாய் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ யோசிக்காமல் 108தான்.

கேள்வி: ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறேன். கீரையை விட்டுவிடவா?

பதில்: வேண்டாம். எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். திடீரென்று தினமும் முருங்கைக்கீரை என்றால் ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவு, இறங்கிவிடும். பெரும்பாலானோருக்கு அது 2 முதல் 3க்குள் நிற்க வேண்டும். மருந்துக் கடையில் மூட்டுவலிக்குக் கேட்டு வாங்கும் மாத்திரைதான் கீரையைவிட ஆபத்து.

கேள்வி: ரத்தம் உறையாமல் தடுக்கும் புதுவகை மாத்திரை கட்டுப்படியாகவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. விலையை டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள், வார்ஃபரின் மலிவு. செயற்கை உலோக வால்வு உள்ளவர்களுக்கு எப்படியும் அதுதான்.

கேள்வி: படபடப்பு வந்தால் வீட்டில் கணவர் நடிப்பு என்கிறார்.

பதில்: அடுத்த முறை வரும்போது அவர் விரலை எடுத்து உங்கள் நாடிமேல் வையுங்கள். என் வீட்டுக்காரர் முப்பது வரை எண்ணினார். பிறகு வாயே திறக்காமல் ஆட்டோ பிடிக்கப் போனார்.