வாடகை படகுக்கா, மணி நேரத்துக்கா? ஆலப்புழை செல்வோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சென்ற மாதம் குடும்பத்துடன் ஆலப்புழைக்குச் சென்று, ஒரு பகலும் ஓர் இரவும் என்று பேசிப் படகு வீடு எடுத்தோம். நண்பகலில் ஏறினோம். மாலை ஐந்தரை மணிக்கே படகைக் கரையோரம் கட்டிவிட்டார்கள். ஏசியை இரவு ஒன்பது மணிக்குத்தான் போட்டார்கள். கேட்டதற்கு, ‘இங்கே எல்லாப் படகிலும் இப்படித்தான்’ என்றார்கள். நாங்கள் ஏமாற்றப்பட்டோமா? – வாசகர், சேலம்

பதில்: மாலையில் படகைக் கட்டியது ஏமாற்று வேலை அன்று. காயலில் மீனவர்கள் வலை விரிக்கும் நேரம் அது என்பதால், படகு வீடுகள் மாலை ஐந்தரை மணியளவில் கரை சேர்ந்துவிட வேண்டும் என்பதும், மறுநாள் காலையில்தான் மீண்டும் புறப்படலாம் என்பதும் அங்குள்ள விதி. கூடுதலாகப் பணம் கொடுத்தால் நிலவொளியில் வேம்பநாட்டுக் காயலைச் சுற்றிக் காட்டுவதாகச் சொல்பவரிடம்தான் எச்சரிக்கை தேவை.

ஆனால் இந்த விதியை முன்பணம் வாங்கும்போதே சொல்லாமல் விட்டது குறைதான். ‘இருபத்தொரு மணி நேரம்’ என்று விளம்பரத்தில் காணும் கணக்கைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். பன்னிரண்டு மணிக்கு ஏறி ஐந்தரைக்குக் கட்டினால் ஐந்தரை மணி நேரம். அதில் மதிய உணவுக்கு எங்காவது ஒரு தென்னை மரத்தடியில் ஒரு மணி நேரம் நிறுத்துவார்கள். (இந்த நிறுத்தத்தைப் பற்றி முன்கூட்டி எவரும் கேட்பதில்லை; மீன் வறுவலின் மணம் வந்துவிட்டால் கடிகாரம் மறந்துபோகிறது.) மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிளம்பி ஒன்பதுக்கு இறக்கிவிட்டால் இன்னும் ஒரு மணி. ஆக, இருபத்தொரு மணி நேரத்தில் படகு உண்மையில் ஓடுவது ஐந்தரை மணி நேரமே. மீதி நேரத்துக்கு நீங்கள் வாங்கியது கரையில் கட்டிய ஒரு தங்கும் அறை. அது தவறான வாணிபம் அன்று. அமைதியான இரவை விரும்புவோருக்கு நல்ல வாணிபம்தான். ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். படகில் ஏறும் நேரம் ஒரு மணி தள்ளிப்போனால், அந்த இழப்பு முழுவதும் ஓடும் நேரத்தில்தான் விழும் என்பதையும் கவனியுங்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு ஏறச் சொல்லும் மலிவான வாடகை உண்மையில் மலிவாக இராது.

ஏசியின் கதை வேறு. அது ஜெனரேட்டரில் ஓடுவதால் டீசல் செலவு அதிகம். ஆகவே சாதாரண வாடகையில் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை என்று வைத்திருக்கிறார்கள், முழு நேர ஏசிக்குத் தனி விலை. உங்களுக்கு வந்த விளம்பரத்தில் ‘ஏசி படகு’ என்று மட்டும் எழுதி, நேர வரம்பை எங்கும் சொல்லவில்லை என்றால், அது நுகர்வோரைத் தவறாக எண்ணவைக்கும் விளம்பரமே. அந்தப் படத்தையும் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள். அடுத்த முறை முன்பணம் அனுப்புவதற்கு முன், ஏறும் நேரம், இறங்கும் நேரம், மதிய நிறுத்தம், ஏசி நேரம், படகு உங்களுக்கு மட்டுமா அல்லது அடுத்த அறையில் வேறொரு குடும்பம் இருக்குமா என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்ன வாக்குறுதி காயலின் காற்றோடு போய்விடும்.

கேள்வி: விளம்பரப் படத்தில் இருபுறமும் தென்னை சாய்ந்த குறுகிய கால்வாயில் படகு போகிறது. நேரில் சென்றால் பெரிய ஏரியின் நடுவில் சுற்றிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். இதைத் தவிர்ப்பது எப்படி? – வாசகி, ஈரோடு

பதில்: படகு வீட்டின் உருவத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. இன்று படகு வீடாக மாறியிருக்கும் கெட்டுவள்ளம் என்பது ஒரு காலத்தில் குட்டநாட்டு நெல்லையும் பிற சரக்குகளையும் ஏற்றிச் சென்ற பெரிய படகு. ஆஞ்சிலி மரப் பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டிச் செய்வார்கள், அதனால்தான் அந்தப் பெயர் (மலையாளத்தில் ‘கெட்டு’ என்றால் கட்டு, ‘வள்ளம்’ என்றால் படகு). அதன் மேல் இரண்டு மூன்று அறைகளை ஏற்றிய பிறகு அது அகன்ற நீர்வழியில்தான் திரும்ப முடியும். குறுகிய கால்வாய்களில், துணி துவைக்கும் படித்துறைகளையும் பள்ளிக்குப் படகேறும் பிள்ளைகளையும் அருகிலிருந்து பார்க்க வேண்டுமானால், மணிக் கணக்கில் வாடகைக்கு வரும், கூரையிட்ட சிறிய ஷிகாரா படகோ, துடுப்பு போடும் சிறு வள்ளமோதான் ஏற்றது. செலவும் மிகக் குறைவு. என் கருத்தில், ஒரே இரவுக்காகச் செல்பவர்கள் ஊரில் ஒரு சாதாரண விடுதியில் தங்கி, காலையில் மூன்று மணி நேரம் ஷிகாராவில் சென்றால், பாதிப் பணத்தில் இரு மடங்கு கால்வாய் பார்க்கலாம்.

கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறையையும் மறந்துவிடாதீர்கள். ஆலப்புழைப் படகுத்துறையிலிருந்து கோட்டயம் செல்லும் சாதாரணப் பயணிகள் படகு இரண்டரை மணி நேரம் வயல்களுக்கும் வீடுகளுக்கும் நடுவே செல்கிறது. கட்டணம் நகரப் பேருந்துக் கட்டணத்தைப் போல மிகச் சிறியது. கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளையும் குட்டநாட்டின் பாங்கு அந்தச் சன்னலோர இருக்கையிலிருந்தே தெரியும்: படகு செல்லும் நீர் மேலே, வரப்புக்கு அப்பால் வயல் கீழே.

ஊருக்குள் ஓடும் வாணிபக் கால்வாயும் வாடைக் கால்வாயும் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசர் துறைமுகத்தை வளர்த்த காலத்தில் சரக்குக்காக வெட்டப்பட்டவை. அவற்றைக் கரையில் நடந்தே பார்க்கலாம். அதற்காகப் படகுக் கட்டணம் கேட்பவருக்குப் பணம் தர வேண்டியதில்லை.

எந்தப் படகானாலும் ஏறுமுன் பக்கவாட்டில் பதிவு எண் எழுதியிருக்கிறதா, எத்தனை பேருக்கு அனுமதி என்று குறித்திருக்கிறதா, ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா என்று பாருங்கள். 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டம் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ‘இன்னும் இருவர்தானே, ஏறிக்கொள்ளட்டும்’ என்று நாமே கேட்கும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

கேள்வி: படகை வழியில் ஒரு மீன் கடையில் நிறுத்தினார்கள். பெரிய இறால் வாங்கினோம். சமைத்த பிறகு எடை மிகக் குறைவாகத் தோன்றியது. – வாசகர், மதுரை

பதில்: ஆற்றுக்கொஞ்சு எனப்படும் அந்தப் பெரிய நன்னீர் இறாலின் எடையில் பெரும்பங்கு தலையும் ஓடுமே, ஆகவே சமைத்த பின் குறைந்து தெரிவது ஓரளவு இயல்பு. ஆனால் எடை போடும் முறையைப் பார்த்தீர்களா? தண்ணீர் சொட்டும் பிளாஸ்டிக் கூடையோடு தராசில் வைத்து, கூடையின் எடையைக் கழிக்காமல் விலை சொல்வது நடக்கிறது. வெறுங்கூடையை முதலில் வைத்து, தராசில் பூச்சியம் காட்டச் செய்து, நீரை வடித்த பின் மீனைப் போடச் சொல்லுங்கள். விலை கிலோவுக்கா, ஒரு மீனுக்கா என்பதையும், சமையல்காரர் அதைச் சமைத்துத் தரத் தனிக் கூலி கேட்பாரா என்பதையும் எடை போடுமுன்பே கேட்டுவிடுங்கள். அந்தக் கடையில் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

கேள்வி: கனமழை எச்சரிக்கையால் அன்று படகுகள் ஓடவில்லை. முன்பணம் ‘திருப்பித் தரப்பட மாட்டாது’ என்று ரசீதில் இருப்பதால் தர மறுக்கிறார்கள். வழக்குப் போட ஆலப்புழைக்குப் போக வேண்டுமா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: போக வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். நீங்கள் திருநெல்வேலியில் தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை கட்டணம் கிடையாது. நிகழ்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தராத சேவைக்கு வாங்கிய பணத்தை வைத்துக்கொள்ள, ரசீதின் அடியில் அச்சடித்த ஒரு வரி மட்டும் போதாது. ஒருதலைப்பட்சமான நிபந்தனையை நியாயமற்ற ஒப்பந்தம் என்று எதிர்க்கச் சட்டம் இடம் தருகிறது. படகு ஓடத் தடையில்லாத நாளில் நீங்களாகவே பயணத்தைக் கைவிட்டிருந்தால் உங்கள் வாதம் இவ்வளவு வலுவாக இராது.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பல தகராறுகள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. அன்றைய மழை எச்சரிக்கைச் செய்தியையும் பணம் அனுப்பிய பதிவையும் சேர்த்து வையுங்கள். பணம் வாங்கிய பின் எண்ணையே அணைத்துவிட்ட போலி முகவராக இருந்தால், அது நுகர்வோர் தகராறு அன்று, மோசடி. தாமதிக்காமல் இணையவழிப் பண மோசடிப் புகார்களுக்கான 1930 எண்ணுக்குப் பேசுங்கள்.

கேள்வி: ஆலப்புழையில் வாசலில் போடும் கயிற்று மிதியடி வாங்கினேன். ஆறு மாதத்தில் நார் உதிர்கிறது. – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: 1859இல் இந்தியாவின் முதல் தென்னை நார்த் தொழிற்சாலை தொடங்கிய ஊர் என்பதால் எல்லாம் தறியில் நெய்தவை என்று நினைத்துவிடுகிறோம். மிதியடியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் வழவழப்பான பிளாஸ்டிக் தளம் இருந்தால், அது நாரைத் தளத்தில் பதித்துச் செய்தது. தளம் நழுவாது, ஆனால் பதிப்பு தளர்ந்தால் நார் கொத்தாக வெளிவரும். அடியிலும் கயிற்றின் பின்னல் தெரிந்தால் நெய்தது. விலை கூடுதல், உழைப்பும் கூடுதல். புதிய மிதியடியில் முதல் சில வாரங்கள் துகள் உதிர்வது இரண்டிலும் உண்டு. ஆறு மாதமாகியும் நிற்கவில்லை, கொத்தாக வருகிறது என்றால் ரசீதுடன் கடைக்கு எழுதுங்கள். ரசீது தர மறுத்திருந்தால் அதுவே சட்டப்படி முறையற்ற வாணிபம் என்பதையும் அந்தக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.