இலங்கையின் வட மாகாண சபைத் தேர்தலில் ஆசனங்கள் எவ்வாறு பகிரப்பட்டன? சிறிய கட்சிக்கு அதில் இடம் உண்டா?

இடம் உண்டு என்பதற்கு 2013 செப்டம்பர் 21 அன்று நடந்த வட மாகாண சபைத் தேர்தலின் மன்னார் மாவட்ட முடிவே போதிய சான்றாகும்.

மாகாண சபைத் தேர்தல்கள் 1988ஆம் ஆண்டின் சட்டப்படி, மாவட்ட அடிப்படையிலான விகிதாசார முறையில், அதாவது பெற்ற வாக்குகளின் அளவுக்கேற்பக் கட்சிகளுக்கு ஆசனங்களைப் பகிரும் முறையில், நடைபெற்றன. வடக்கில் யாழ்ப்பாணத்துக்கு 16, வவுனியாவுக்கு 6, மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் தலா 5, கிளிநொச்சிக்கு 4 என 36 ஆசனங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. மாகாணம் முழுவதிலும் அதிக வாக்குப் பெறும் கட்சிக்குரிய 2 போனஸ் ஆசனங்களோடு சபையின் மொத்த எண்ணிக்கை 38 ஆகும்.

ஒரு மாவட்டத்தில் அளிக்கப்பட்ட செல்லுபடியான வாக்குகளை அதன் ஆசன எண்ணிக்கையால் வகுத்தால், ஓர் ஆசனத்துக்குத் தேவையான வாக்குகள் எத்தனை என்பது தெரியும். மன்னாரில் அது ஏறத்தாழ 10,600 ஆக இருந்தது. 33,118 வாக்குகள் பெற்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு மூன்று ஆசனங்களும், 15,104 வாக்குகள் பெற்ற ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு ஓர் ஆசனமும் நேரடியாகக் கிடைத்தன. எஞ்சிய ஐந்தாவது ஆசனம், மீதி வாக்குகள் யாரிடம் அதிகம் என்று பார்த்தே வழங்கப்பட்டது. ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பிடம் ஏறத்தாழ நாலரை ஆயிரம் வாக்குகள் மீதமிருக்க, ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 4,571 வாக்குகளுடன் சற்றே முந்தி அந்த ஆசனத்தைப் பெற்றது. ஒரு முழு ஆசனத்துக்குரிய வாக்குகளில் பாதியைக்கூட எட்டாத கட்சி சபைக்குள் நுழைந்தது இந்த மீதிக் கணக்கினால்தான். வடக்கு முழுவதிலும் அக்கட்சிக்குக் கிடைத்த ஒரே ஆசனமும் அதுவே.

மொத்தத்தில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 78 சதவீதத்துக்குச் சற்று அதிகமான வாக்குகளைப் பெற்று, போனஸ் உட்பட 30 ஆசனங்களைக் கைப்பற்றியது. போனஸ் முறை பெரிய கட்சிக்கு அளவுக்கு மீறிச் சலுகை தருகிறது என்ற குற்றச்சாட்டு பொதுவாக நியாயமானதே என்றாலும், 38இல் 30 என்பது ஏறத்தாழ 79 சதவீதமே ஆதலால், அந்தத் தேர்தலில் அது முடிவைத் திரிக்கவில்லை.

என் பார்வையில் இம்முறையின் உண்மையான பலவீனம் விருப்பு வாக்கில் இருந்தது. வாக்காளர் முதலில் கட்சிக்குப் புள்ளடி (வாக்குச்சீட்டில் இடும் குறி) இட்டு, பின்னர் அக்கட்சியின் வேட்பாளர்களில் மூவர் வரை தெரிவுசெய்ய முடிந்தது. கட்சிக்கு எத்தனை ஆசனங்கள் என்பதைக் கட்சி வாக்கும், அவற்றில் யார் அமர்வது என்பதை விருப்பு வாக்கும் தீர்மானித்தன. யாழ்ப்பாணத்தில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் க. வி. விக்னேஸ்வரன் 1,32,255 விருப்பு வாக்குகளைப் பெற்றார். அவரைப் போன்ற முதன்மை வேட்பாளருக்கு இது சிக்கலாக இருக்கவில்லை. பட்டியலின் நடுவில் இருப்பவர்களுக்கோ எதிர்க்கட்சியைவிடச் சொந்தக் கட்சிக்காரரே நெருங்கிய போட்டியாளராக இருந்தார். மாவட்டம் முழுவதும் பிரசாரம் செய்யப் பணம் தேவைப்பட்டது என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இக்குறையைப் போக்குவதாகக் கூறி, பாதி உறுப்பினர்களைத் தொகுதி வாரியாகவும் மீதியை விகிதாசாரப்படியும் தெரிவுசெய்யும் கலப்பு முறை 2017இல் சட்டமாக்கப்பட்டது. ஆனால் தொகுதிகளை வகுத்த எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018 ஓகஸ்ட்டில் நிராகரித்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் வட மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தது. பழைய முறை சட்டத்திலிருந்து நீக்கப்பட்டிருந்ததாலும் புதிய முறைக்கு எல்லைகள் வகுக்கப்படாததாலும் அடுத்த தேர்தல் நடத்தப்படாமல், நிர்வாகம் ஆளுநரின் கைக்குச் சென்றது.