'தட்டை' என்று எழுதிவிட்டார்

ஐயா,
இருபது வருடமாக மேடையில் நடிக்கிறேன். சமீபத்தில் ஒரு விமர்சகர் என் நடிப்பை 'தட்டை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். விளக்கம் கேட்டு அவருக்கு எழுதலாமா? நடிகன் விமர்சகருக்கு எழுதுவது முறையா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாக எழுதுங்கள். ஆனால் 'தட்டை'யோடு மல்லுக்கட்டாதீர்கள், மனக்கசப்புதான் மிஞ்சும். எந்தக் காட்சியில், எந்த வசனத்தில் என்று மட்டும் கேளுங்கள்.

நடிகை எல்லன் டெரியும் பெர்னார்ட் ஷாவும் எழுதிக்கொண்ட கடிதங்கள் பிரசித்தம். 1892இல் எல்லன், தனக்குத் தெரிந்த ஒரு இளம் பாடகிக்காக ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு எழுத, அவர் அதை இசை விமர்சகர் ஷாவிடம் தள்ளிவிட்டார். அப்படித்தான் ஆரம்பம். நேரில் சந்திப்பதைப் பல வருடங்கள் தவிர்த்தார்கள்.

1896இல் லண்டன் லைசியம் அரங்கில் ஷேக்ஸ்பியரின் 'சிம்பலின்'. எல்லனுக்கு இமோஜன் வேடம். தூக்கம் கலையும்போது இமோஜனின் பக்கத்தில் தலையில்லாத ஓர் உடல். உடுப்பைப் பார்த்துக் கணவன் என்றே நினைத்துவிடுகிறாள். இந்தக் காட்சியை ஷா கடிதத்தில் அங்குலம் அங்குலமாகப் பிரித்துப் போட்டார். முதலில் கண்ணில் படுவது என்ன, தலை இல்லை என்பது எந்தக் கணத்தில் உறைக்க வேண்டும் என்றெல்லாம். ஒரு நடிகைக்கு இதைவிட என்ன வேண்டும்?

அப்புறம் நடந்ததுதான் எனக்கு உறுத்தல். அதே நாடகத்துக்கு 'சாட்டர்டே ரிவியூ'வில் விமர்சனம் எழுதியதும் ஷாதான்! நாடகத்தைக் கிழித்தார், எல்லன் விஷயத்தில் மட்டும், அவர் தன்னை மயக்கிவிடுவதால் தன் கணிப்பில் தனக்கே நம்பிக்கையில்லை என்றார். ஒத்திகை ஆசிரியராகவே இருந்ததைப் பற்றி மூச்சுவிடவில்லை. போதாக்குறைக்கு, தான் எழுதிய ஒரு நாடகத்தை அதே லைசியத்தில் மேடையேற்றவும் முயன்றுகொண்டிருந்தார். காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கியவருக்கு இதெல்லாம் தெரியாது.

அதனால் உங்கள் நாடகத்தின் கடைசி மேடையேற்றம் முடிந்த பிறகு எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். அடுத்த நாடகத்துக்கு அழைப்பெல்லாம் அதில் வேண்டாம்.

பதில் வந்தால் எனக்கும் சொல்லுங்கள். 'தட்டை' என்று நானும் பல தடவை எழுதியிருக்கிறேன். எந்த வசனத்தில் என்று மறுநாள் யாராவது கேட்டிருந்தால், திருதிருவென்று முழித்திருப்பேன்.