கரண்ட் வைத்தால் புற்றுநோய் பரவுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 54 வயது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், 2பி நிலை. 25 நாள் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வேண்டும் என்றார்கள். 14 நாள் முடிந்தது. அப்புறம் உள்ளே குழாய் வைத்தும் கொடுப்பார்களாம். "கரண்ட் வைத்தால் நோய் உடம்பு முழுக்கப் பரவிவிடும், என் நாத்தனாருக்கு அப்படித்தான் ஆச்சு" என்று பெரியம்மா சொன்னதிலிருந்து அம்மா ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்கிறார். மூன்று நாளாகப் போகவில்லை. இரண்டு விதக் கதிர்வீச்சில் எது நோயைப் பரவச் செய்யும்? – ஒரு மகள், திண்டுக்கல்.

பதில்: இரண்டுமே பரவச் செய்யாது. பாதியில் நிறுத்துவதுதான் ஆபத்து. நாளைக் காலையே அம்மாவை அழைத்துப் போங்கள். இந்த நோய்க்கு வெளிக் கதிர்வீச்சும் உள் கதிர்வீச்சும் சேர்ந்து, தொடங்கிய நாளிலிருந்து 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். இழுத்துக்கொண்டே போனால் தப்பிப் பிழைத்த செல்கள் வேகமாகப் பெருகி, இடுப்புக்குள்ளேயே நோய் திரும்ப வரும் வாய்ப்பு கூடுகிறது. அங்கிருந்து நுரையீரலுக்கும் எலும்புக்கும் அது போகலாம்.

பெரியம்மா பொய் சொல்லவில்லை. சிகிச்சை முடிந்த சில மாதங்களில் வேறு இடத்தில் நோய் தெரிவது உண்டு. ஆனால் அந்தச் செல்கள் பெரும்பாலும் சிகிச்சைக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்தவை. ஓரிரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும்போது ஸ்கேனில் தெரியாது. வளர்ந்த பிறகே தெரியும். எலிகளில் செய்த சில ஆய்வுகளில் கதிர்வீச்சுக்குப் பிறகு பரவல் கூடியதைப் பார்த்திருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் இந்த நோயுள்ள பெண்களிடம் பல பத்தாண்டுகளாகக் கண்டது வேறு: முறையாக முழுதும் எடுத்துக்கொண்டவர்களே கூடுதல் காலம் வாழ்கிறார்கள்.

சரி, ஏன் இரண்டு விதம்? வெளியிலிருந்து கொடுப்பது கர்ப்பப்பையோடு நிற்காமல், இடுப்பில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. நோய் முதலில் நகரும் வழி அதுதான். தினமும் 1.8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்று 25 நாளில் 45 கிரே கொடுப்பது வழக்கம். வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசியும் சேர்ப்பார்கள். அது கதிர்வீச்சின் வேலையைக் கூட்டும். ஆனால் கட்டியை முழுசாக அழிக்க இந்த அளவு போதாது. வெளியிலிருந்தே இன்னும் ஏற்றினால் சிறுநீர்ப்பையும் மலக்குடலும் புண்ணாகிவிடும். அதனால்தான் கர்ப்பப்பைக்குள் மெல்லிய குழாயை வைத்து, அதன் வழியாக இரிடியம் என்ற கதிரியக்கப் பொருளைச் சில நிமிடங்கள் உள்ளே அனுப்புகிறோம். கட்டிக்குப் பெரிய அளவு கிடைக்கும்; சற்றுத் தள்ளியதுமே அளவு சட்டென்று இறங்கிவிடும். இதைத் தவிர்த்தவர்களுக்குக் குணமாகும் வாய்ப்பு குறைகிறது. "வெளியில் கொடுத்ததே போதும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஏற்கெனவே பரவிய நோய்க்கும் கதிர்வீச்சு உண்டு. எலும்புக்குப் போன நோயின் வலிக்கு ஒரே தடவை 8 கிரே, தைராய்டு புற்றுநோய்க்கு வாய்வழி கதிரியக்க அயோடின் என்று நிறைய இருக்கிறது. அயோடின் எடுத்தவர்கள்தான் சில நாள் தனியாக இருக்க வேண்டும். அம்மா அப்படித் தனியாக இருக்கத் தேவையில்லை. பேரப்பிள்ளைகளைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. மூன்றாவது வாரத்தை ஒட்டித்தான் பேதி, நீர்க்கடுப்பு, எழுந்திருக்க முடியாத களைப்பு எல்லாம் வரும். அம்மா இதைத்தான் நோய் பரவுவதாக நினைக்கிறாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். இவை கதிர்வீச்சின் பக்கவிளைவுகள்; மாத்திரையும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும்.

விட்டுப்போன மூன்று நாளை மறைக்காமல் சொல்லுங்கள். சனிக்கிழமை வரச் சொல்லியோ, ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு முறை கொடுத்தோ ஈடுகட்ட முடியும். ரத்தத்தில் ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தசோகை இருந்தால் கதிர்வீச்சு சரியாக வேலை செய்யாது. காய்ச்சல், நிற்காத வாந்தி, அதிக ரத்தப்போக்கு இருந்தால் அன்றே காட்டிவிடுங்கள்.