நேர்ஸ் அக்கா பதில்கள்: ஆர்.பி.என். இலிருந்து ஆர்.என். ஆவது

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 38 வயது. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் ஒன்பது வருசமாக ஆர்.பி.என். (பதிவுபெற்ற செயல்முறைத் தாதி) வேலை. பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். இரண்டு பிள்ளைகள். அதற்கு அடுத்த படியான ஆர்.என். (பதிவுபெற்ற தாதி) ஆவதற்குக் கொலிஜில் பிரிட்ஜிங் என்ற இணைப்புப் படிப்புப் படிக்க ஆசை. "மருந்து குடுக்கிறாய், காயத்துக்குக் கட்டுப் போடுறாய், இன்னும் என்னத்தைப் படிக்கப்போறாய்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை. தெரிந்ததையே திரும்பப் படிக்கவேண்டி வருமா? ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுவதை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.
(பெயர் வேண்டாம், ஸ்காபரோ)

பதில்: தங்கச்சி, நானும் ஏழு வருசம் ஆர்.பி.என். ஆக இருந்துவிட்டு 41 வயதில்தான் பிரிட்ஜிங் வகுப்பில் போய் இருந்தேன். உங்கள் வீட்டில் கேட்ட கேள்வி எனக்குள்ளும் இருந்தது. அதற்கான பதில் எனக்கு ஒரு சத்திரசிகிச்சை வார்டில், பயிற்சியின்போது கிடைத்தது.

வயிற்றில் சத்திரசிகிச்சை முடிந்து இரண்டாம் நாள், எழுபது வயது ஐயா ஒருவர். காலை எட்டு மணிக்கு நாடித்துடிப்பு 88. பத்து மணிக்கு 96. பன்னிரண்டுக்கு 110. பிரஷர் மட்டும் 118/70 இல் அப்படியே நின்றது. சிறுநீர்ப் பையில் இரண்டு மணித்தியாலத்துக்குச் சேர்ந்தது 35 மில்லிலீற்றர். எல்லாவற்றையும் ஒழுங்காகக் குறித்துக்கொண்டுபோய், என்னைப் பழக்கிய ஆர்.என். அம்மாவிடம் சொன்னேன். அவ கேட்டா: "இலக்கங்களைச் சொல்லிப்போட்டாய். நீ என்ன நினைக்கிறாய்?" பிரஷர் நல்லாத்தானே இருக்கு என்றேன்.

உள்ளே இரத்தம் கசியத் தொடங்கினால் உடம்பு முதலில் இதயத்தை வேகமாக அடிக்கவைக்கும், குழாய்களை இறுக்கும், சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தத்தைக் குறைக்கும். அப்படித்தான் பிரஷரைத் தாங்கிப் பிடிக்கிறது. பிரஷர் விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் பிந்திவிடும். அவ சொல்லச் சொல்ல எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. ஐயாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தோம், இறுகியிருந்தது. உடனே சேர்ஜனைக் கூப்பிட்டோம். பின்னேரமே அவரைத் திரும்பவும் சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். ஐயா பிழைத்துக்கொண்டார்.

வீட்டில் கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். ஊசி போடுவதிலும் கட்டுப் போடுவதிலும் நீங்கள் எவருக்கும் குறைந்தவர் இல்லை. எங்களைப் பதிவுசெய்கிற கொலிஜ் ஒஃப் நேர்ஸஸ் ஒஃப் ஒன்ராறியோ (பெயரில் கொலிஜ் இருந்தாலும் அது படிப்பிக்கிற இடமில்லை), யார் எந்த நோயாளியைப் பார்ப்பது என்பதற்கு நோயாளி, தாதி, சூழல் என்ற மூன்றையும் பார்க்கச் சொல்கிறது. நிலைமை சிக்கலாக, அடுத்த மணித்தியாலம் என்ன நடக்கும் என்று சொல்லமுடியாததாக இருந்தால், அங்கே ஆர்.என். தேவை. அந்த நேரத்தில் யோசிக்கப் பழகத்தான் இந்தப் படிப்பு. உங்களிடம் ஏற்கெனவே அதற்கு விதை இருக்கிறது. ஒன்பது வருசமாக ஒரே ஆட்களைப் பார்க்கிற நீங்கள், "இண்டைக்கு இந்த அம்மா ஒரு மாதிரி இருக்கிறா" என்று ஒருநாளாவது சொல்லியிருப்பீர்கள். அந்த "ஒரு மாதிரி" ஏன் என்று தேடுவதுதான் இனி வேலை.

தெரிந்தது கொஞ்சம் திரும்ப வரும், அதைப் பெரிதாக எடுக்காதீர்கள். நோய்க்கூறு இயல், ஆராய்ச்சிக் கட்டுரை வாசிப்பது, புள்ளிவிபரம், சமூக சுகாதாரம் எல்லாம் புதிதாக இருக்கும். எனக்குப் புள்ளிவிபரம்தான் கண்ணில் தண்ணீர் வரவைத்தது.

கட்டுரைக்கு வருகிறேன். என் முதல் கட்டுரைக்கு 58 புள்ளி. ஓரத்தில் ஆசிரியர் எழுதியிருந்தார்: "விபரிக்கிறீர்கள், அலசவில்லை." பிழை ஆங்கிலத்தில் இல்லை. வார்டில் அந்த ஆர்.என். அம்மா கேட்ட கேள்விக்கும் இதற்கும் ஒரே மருந்துதான் என்று பிறகுதான் விளங்கியது: கண்டதைச் சொல்வதோடு நிற்காமல், அது ஏன் என்று யோசித்துச் சொல்லவேண்டும். வளாகத்தில் எழுத்துதவி நிலையம் இருக்கும், காசு கேட்கமாட்டார்கள். ஒப்படைக்க ஒரு கிழமைக்கு முன்னமே கொண்டுபோய்க் காட்டுங்கள். வெட்கப்படவேண்டாம், நான் ஒவ்வொரு தவணையும் போனேன்.

விண்ணப்பிக்க முதல் ஒன்றை உறுதிசெய்யுங்கள்: படிப்பு முடிய, கொலிஜ் ஒஃப் நேர்ஸஸ் அங்கீகரித்த தாதியியல் பட்டம் கிடைக்குமா? ஒன்ராறியோவில் படித்து, 2005 இலிருந்து புதிதாகப் பதிகிற ஆர்.என். களுக்குப் பட்டம் கட்டாயம். முன்பு கொலிஜுகள் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துதான் அதைக் கொடுத்தன. தனியாகவும் கொடுக்கலாம் என்று 2020 இல் மாகாண அரசு அறிவித்தது. ஆகவே "கொலிஜில் படிச்சால் டிகிரி வராது" என்பது பழைய கதை. நிப்பிசிங் பல்கலைக்கழகத்தில் பாடங்களை இணையத்தில் படித்துக்கொண்டே ஆர்.என். பட்டம் எடுக்கிற பகுதிநேர வழி உண்டு. பயிற்சிக்கு மட்டும் நேரில் போகத்தான் வேண்டும்.

முழுநேர இரவு வேலையோடு படிக்க முயலாதீர்கள், தயவுசெய்து. நான் முயன்றேன். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து நேராக வகுப்புக்குப் போய், காரை நிறுத்தி ஐந்து நிமிடம் கண்ணை மூடினேன். எழும்பும்போது பரீட்சை முடிந்திருந்தது. கார் ஓடிக்கொண்டிருக்கும்போது கண் மூடியிருந்தால் என்ற நினைப்பில் அன்றைக்கே மனேஜரிடம் பகுதிநேரம் கேட்டேன். காசுக்கு, ஆர்.பி.என். களின் சங்கமான வீஆர்பிஎன் நடத்தும் பிகின் உதவித்திட்டத்தைப் பாருங்கள். படிப்புச் செலவைத் தந்து, பிறகு ஒன்ராறியோவில் குறிப்பிட்ட காலம் வேலை செய்யச் சொல்வார்கள்.

இன்னுமொன்று. படிக்கும் காலத்தில் ஆர்.பி.என். பதிவை விட்டுவிடாதீர்கள். அதேநேரம், வகுப்பில் படித்துவிட்டோம் என்பதற்காக வேலைத்தளத்தில் ஆர்.என். செய்கிறதைச் செய்ய இறங்கவும் கூடாது. அங்கே நீங்கள் ஆர்.பி.என்., பயிற்சியில் மாணவி. இந்த இரண்டு தொப்பியையும் கலக்காதீர்கள்.

கேள்வி: ஆர்.பி.என். சோதனை பாஸ் பண்ணித்தானே பதிவு எடுத்தேன். திரும்பவும் சோதனையா?
(வாசகர், மார்க்கம்)

பதில்: ஓம், தம்பி. ஆர்.என். புதிய பதிவு, அதற்கு என்கிளெக்ஸ்-ஆர்.என். என்ற சோதனை எழுதவேண்டும். 2022 இலிருந்து ஆர்.பி.என். களுக்கு வந்த ரெக்ஸ்-பி.என். சோதனை போலவே இதுவும் கணினியில்தான். உங்கள் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தைக் கூட்டிக் குறைக்கும். குறைந்தது 85 கேள்வி, கூடியது 150, ஐந்து மணித்தியாலம். 85 இல் நின்றுவிட்டது என்று பயப்படாதீர்கள், பாஸ் ஆனவர்களுக்கும் அப்படித்தான் நிற்கும். 2023 ஏப்ரலிலிருந்து ஒரே நோயாளியைப் பற்றி அடுத்தடுத்து ஆறு கேள்வி வரும் பகுதிகளும் உண்டு. முதல் தவணையிலிருந்தே இரவில் பத்துப் பயிற்சிக் கேள்வி செய்யுங்கள். பிழைத்த விடை ஏன் பிழை என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். என்னுடைய கொப்பி நான்கு நிரம்பியது, கடைசிக் கிழமை அவற்றை மட்டும்தான் வாசித்தேன்.