பிலிப்பைன்ஸில் ஒரே குடும்பம் ஒரு மாகாணத்தை எப்படிப் பல ஆண்டுகள் கையில் வைத்திருக்கிறது?

செபு மாகாணத்தின் முன்னாள் ஆளுநர் க்வெண்டோலின் கார்சியாவைப் பார்த்தால் இது புரிந்துவிடும். அங்கே ஆளுநரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு பதவிக்காலம் 3 ஆண்டு. தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் இருக்க முடியாது. இவருடைய அப்பா பாப்லோ கார்சியா 1995 முதல் 2004 வரை ஆளுநர். அவருக்கு வரம்பு முடிந்ததும் மகள் நின்று ஜெயித்தார். செபுவின் முதல் பெண் ஆளுநர் இவர்தான்.

2012 டிசம்பரில், துணை ஆளுநரின் அதிகாரத்தைப் பறித்ததாக வந்த புகாரில் 6 மாதம் இடைநீக்கம் செய்யப்பட்டார். ஆனால் மாகாணத் தலைமையகத்தை விட்டுக் கிளம்ப மறுத்து, அலுவலகத்திலேயே தங்கிவிட்டார். பதில் ஆளுநர் ஒருவர் பதவியேற்ற பிறகும் நகரவில்லை. பதவியைச் சொந்தச் சொத்தாக நினைக்கும் மனப்பான்மை என்றுதான் எனக்குப் படுகிறது.

2013-இல் இவருக்கும் வரம்பு முடிந்தது. உடனே தம்பி பாப்லோ ஜானின் நாடாளுமன்றத் தொகுதிக்கு அக்கா போனார், அக்காவின் நாற்காலிக்குத் தம்பி போட்டியிட்டார். அக்கா ஜெயித்தார், தம்பி ஹிலாரியோ டவீடேயிடம் தோற்றார். 2019-இல் அவரவர் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார்கள்! ஆக, மூன்று முறை வரம்பு ஆளைத்தான் தடுக்கிறது, குடும்பத்தை அல்ல. அரசியல் குடும்பங்களைத் தடைசெய்ய வேண்டும் என்று 1987 அரசியலமைப்பு சொல்கிறது. அதற்கு வரையறை தரும் சட்டத்தை நாடாளுமன்றம்தான் இயற்ற வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்ட குடும்பத்துக்காரர்கள்.

அப்புறம் 2025 ஆளுநர் தேர்தலில் பமேலா பரிக்குவாட்ரோ க்வெண்டோலினைத் தோற்கடித்தார்.