உயரமான கட்டடங்களை வடிவமைக்கும் கட்டடக்கலைஞரின் வேலை எத்தகையது?

சுங்கை சிப்புட்டில் மலேசியப் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த தம் மகள் வானளாவிகளை வடிவமைக்க விரும்புவதாகவும், அந்த வேலை எத்தகையது, எவ்வளவு காலம் படிக்க வேண்டும் என்றும் ஒரு தந்தை கேட்டிருக்கிறார்.

முகப்பை அழகாக வரைவதுதான் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் முதலில் தீர்க்க வேண்டியது மின்தூக்கி, படிக்கட்டு, கழிவறை, குழாய்கள் அனைத்தும் அடங்கிய தண்டுப் பகுதியை எங்கே வைப்பது என்பதே. கட்டடம் உயர உயர மின்தூக்கிகள் பெருகும்; மாடிதோறும் வாடகைக்கு விடக்கூடிய இடம் சுருங்கும்.

பினாங்கில் பிறந்த கென் யாங் வடிவமைத்து, சுபாங் ஜெயாவில் 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட 15 மாடி மெனாரா மெசினியாகாவில் அந்தத் தண்டு நடுவில் இல்லை. காலை வெயில் தாக்கும் கிழக்குப் பக்கத்தில் அதை வைத்ததால், அதுவே அலுவலகங்களுக்கு நிழலானது. மின்தூக்கிக் கூடத்துக்கும் படிக்கட்டுக்கும் இயற்கையான காற்றும் வெளிச்சமும் கிடைத்தன. 1995-இல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது பெற்ற இந்தக் கட்டடத்தின் தத்துவம், தாழ்வாரம் இறக்கி வெயிலைத் தடுத்த தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஓரளவு பழக்கமானதுதான்.

படிப்பு நீளமானது. பல்கலைக்கழகத்தில் இரண்டு கட்டப் பட்டப்படிப்பு, அதன்பின் நடைமுறைப் பயிற்சி, தொழில் தகுதிக்கான மூன்றாம் பகுதித் தேர்வு, பிறகு மலேசியக் கட்டடக்கலைஞர் வாரியத்தில் பதிவு என எட்டு முதல் பத்து ஆண்டுகள் ஆகலாம். தொடக்கச் சம்பளத்தைப் பார்த்து இந்தத் துறைக்கு வர வேண்டாம் என்பது என் கருத்து. மகளுக்கு இப்போதே பழக்க வேண்டியது, கண்ணால் கண்ட அறையை அளந்து தாளில் வரைவது.